முகமூடி கழற்றும் காட்சி

இண்டூர் மாதவராஜ் ஒரு காலத்தில் செங்கழுகாக நடித்தவர் என்று சொன்னால் இண்டூர்க்காரர்களிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் நம்பினாற்போலத் தலையை ஆட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் சிரிப்பார்கள். ஊரைச் சொல்லிக் குற்றமில்லை. சினிமாக்காரர்கள் செய்து வைத்த வேலை அப்படி.

செங்கழுகைத் தெரியாதவர்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இருக்கலாம். சிவப்பு அங்கி, அலகு வைத்த முகமூடி, முதுகில் விரியும் இறக்கை. மலையிலிருந்து குதிப்பான், ரயிலைத் தோள் கொடுத்து நிறுத்துவான், அயோக்கியர்களை மின்கம்பத்தில் தொங்கவிட்டுவிட்டுப் பறந்து போவான். எண்பதுகளில் முதல் படம் வந்தபோது விஜயகீர்த்தி நடித்தார். பெரிய நட்சத்திரம். அவர் முகத்தை மறைத்தால் ரசிகர்கள் தியேட்டரையே கொளுத்திவிடுவார்கள் என்று பயந்து, கண்ணைச் சுற்றி மட்டும் வருகிற மாதிரி பெயருக்கு ஒரு முகமூடி செய்தார்கள். படங்கள் ஓடின. அடுத்ததற்குக் கூப்பிட்டபோது மனிதர் முறுக்கிக்கொண்டார். தயாரிப்பாளர் அவரைவிட முறுக்கானவர். "அந்தாளு மூஞ்சியா பறந்துச்சு? முகமூடிதானே பறந்துச்சு?" என்று சொல்லி, உச்சந்தலையிலிருந்து தாடை வரை மூடுகிற முகமூடி ஒன்றைச் செய்யச் சொன்னார். அதற்குள்ளே போட ஓர் ஆள் தேடியபோது அகப்பட்டவர்தான் மாதவராஜ். சண்டைக் குழுவில் இருந்தார், நல்ல உயரம், விழுந்தால் முனகாமல் எழுந்து நிற்பார்.

நான்கு படங்கள் நடித்தார். மொட்டை மாடியிலிருந்து குதித்தார், ஓடுகிற லாரிக்கு அடியில் தொங்கினார், தோள்பட்டை இறங்கிக் கட்டுப்போட்டுக்கொண்டு மறுபடியும் குதித்தார். குரல் அவருடையதில்லை. தர்மபுரிப் பேச்சு பறக்கிற ஆளுக்கு எடுபடாது என்று வேறொருவரைப் பேச வைத்தார்கள். பெயரும் கிடையாது. படம் தொடங்கும்போது 'செங்கழுகாக: செங்கழுகு' என்று எழுத்து வரும். உள்ளே இருப்பது யாரென்று ஜனங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டுமாம். செட்டில் முகமூடியைக் கழற்றிப் போட்டோ எடுத்துக்கொள்ளக்கூடத் தடை. சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மறைவாகப் போய்த் தின்றுவிட்டு வருவார். இதில் பரிதாபம் என்னவென்றால், ஒருத்தரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. படம் பார்த்தார்கள், கைதட்டினார்கள், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சினிமா போதும் என்று ஊருக்குத் திரும்பி, நிலத்தில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்த பிறகும் அந்த ஆதங்கம் அவரை விடவில்லை. டீக்கடையில் பேச்சு சினிமாப் பக்கம் திரும்பினால் வாய் சும்மா இருக்காது. அவர் வயதுக்காரன் பச்சியப்பன் அதற்காகவே காத்துக்கொண்டிருப்பான்.

"ஏன் மாதவா, அந்த முகமூடிக்குள்ள இருந்தது எங்க மாமியாருன்னு நான் சொன்னா நீ என்னா பண்ணுவே?"

கடையே சிரிக்கும். மாதவராஜும் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தர்மபுரித் தியேட்டரில், ஊர்ஜனம் சுற்றி உட்கார்ந்திருக்க, செங்கழுகின் முகமூடி கழன்று உள்ளேயிருந்து தன் முகம் வர வேண்டும். ஒரே ஒரு தடவை. மனைவி நிர்மலாதேவிக்கு இது தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷன் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான், அதுவும் தன்னிடம் இல்லாத ஒன்று என்று அவள் சொல்வாள்.

மூன்றாவது செங்கழுகு அமலன். பாப்பாரப்பட்டிப் பக்கத்து அருள்சாமியின் மகன், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். மீசை சரியாக அரும்பாத வயதில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மாதவராஜின் சென்னை அறைக்கு வந்து நின்று, "அண்ணே, நானும் விழறேன்ணே" என்றவன். மாதவராஜ் அவனைச் சண்டைக் குழுவில் சேர்த்துவிட்டார், ஒரே பாயில் படுக்க வைத்தார், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தார். பல வருஷம் கழித்துத் தயாரிப்பாளரின் மகன் செங்கழுகை மறுபடி எடுக்கப் போகிறேன் என்று வந்தபோது, "என்னை விடுங்க. இவனைப் போடுங்க. மூஞ்சி லட்சணமா இருக்கு, தயவுசெஞ்சு மூடாதீங்க" என்று சொன்னவரும் அவர்தான். மூடவில்லை. அமலனின் படங்களில் கடைசியில் முகமூடி கழன்றது, போஸ்டரில் பெயர் வந்தது. இன்று தர்மபுரியில் அவன் நடத்தும் ஜிம் வாசலில் இறக்கை விரித்த படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. மாதவராஜுக்கு அதில் பொறாமை கிடையாது. ஒருவேளை எறும்பு கடித்த அளவுக்கு இருந்திருக்கலாம். ஆக்சிலியா பிறந்த பிறகு அதுவும் போய்விட்டது.

ஆக்சிலியா அமலனின் மகள், ஒரே பிள்ளை. மாதவராஜுக்கும் நிர்மலாவுக்கும் பிள்ளை இல்லை. லீவு விட்டால் அந்தப் பெண் இண்டூரில்தான். "பெரியப்பா, புழு என்னைப் பார்க்குது" என்று தட்டுக்குத் தட்டு ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிர்மலா அவளுக்குத் தலை சீவிவிட்டு, பஸ் ஏற்றி மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசை முடியும்வரை வாசலில் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பஸ் ஏற்றி அனுப்பும்போதெல்லாம் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாள். பார்த்துப் பார்த்து மாதவராஜுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆம்பளை இப்படிச் செய்கிறாரே என்று பஸ்ஸில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே.

போன வருஷம் ஒரு நாள் அமலன் போன் செய்தான்.

"அண்ணே, புதுசா செங்கழுகு எடுக்கறாங்க. இப்பத்திப் பையன் ரித்விக்குதான் ஹீரோ. ஆனா விஷயம் அதில்ல. இதுவரைக்கும் நடிச்ச எல்லா செங்கழுகும் ஒரே படத்துல வருது. இறந்துபோன விஜயகீர்த்தி சாரையே கம்ப்யூட்டர்ல எழுப்பறாங்க. நான் இருக்கேன். நீங்களும் வரணும்."

"மறுபடியும் முகமூடியா தம்பி?"

"முகமூடியக் கழட்டற சீனே உங்களுக்குத்தாண்ணே. க்ளோசப்பு. ஒகேனக்கல்ல ஷூட்டிங். கதையை மட்டும் கேக்காதீங்க, யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. என்னை நம்பி வாங்க."

நம்பாமல் என்ன செய்வார்? மாதவராஜ் போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். நிர்மலா போய்ப் பார்த்தபோது அறுபதை நெருங்குகிற மனுஷன் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒகேனக்கல் பாறையில், பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ சேர்ப்பதற்கென்று பச்சைத் துணியைக் கட்டி, அதற்கு முன்னால் அவரை நிற்க வைத்தார்கள். இயக்குநர் சின்னப் பையன்தான், ஆனால் மரியாதை தெரிந்தவன். வந்ததும் வராததுமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு. வேற யாரா இருந்தாலும் இதுக்கு ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க."

இந்த வயதில் வழுக்குப் பாறையில் நிற்பதைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார் மாதவராஜ். "இதுல என்னாங்க இருக்குது, தண்ணிதானே" என்றார். இயக்குநர் அதை ஒரு பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தான்.

சினிமாவில் ஒரு காட்சியை முழுதாக எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? இந்தப் பக்கம் திரும்புங்க, நிறுத்துங்க. தலையை நிமிர்த்துங்க, நிறுத்துங்க. முகமூடியைக் கழற்றுங்க, இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா. யுவராணி என்று அரூர்ப் பெண் ஒருத்தி உதவி இயக்குநராக இருந்தாள். ஒவ்வொரு தடவையும் முகமூடி கழன்றபோது அவர் தலைமுடி எந்தப் பக்கம் கலைந்தது என்று பார்த்துச் சரிசெய்வாள், வெயிலுக்குக் குடை பிடிப்பாள். கழற்றியதும் எதிரில் நிற்கும் அமலனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். "பாசமா சிரிங்க சார். பெத்த பிள்ளையைப் பார்க்கற மாதிரி" என்றான் இயக்குநர்.

அதற்கு நடிக்க வேண்டிய அவசியம் மாதவராஜுக்கு இல்லை. எதிரில் அமலன் இறக்கையோடு நிற்கிறான். பையைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பையன். அவருக்கு என்ன தோன்றியதோ, யாரும் சொல்லாமலே எட்டி அவன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தெடுத்து, தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தார். பத்து விரலும் சடசடவென்று சத்தம் போட்டன.

இயக்குநர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டான். "சார்! இது போதும் சார்! இன்னொரு தடவை, கைக்கு மட்டும் ஒரு ஷாட்டு!" என்று கத்தினான்.

அமலனின் கண் கலங்கியிருந்தது. ஷாட்டு முடிந்ததும் குனிந்து மாதவராஜின் காலைத் தொட்டான். வேதக்காரப் பையன், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் காலைத் தொட்டதில்லை. பாசம் என்று நினைத்து, மாதவராஜ் அவனைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டார். இதற்கு மேலும் ஏதோ பாறை முனையில் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு டூப்பு இருக்கிறார், நீங்கள் கிளம்பலாம் என்றார்கள். மற்றவர்களுக்கு டூப்பாக விழுந்து எழுந்த தனக்கே ஒரு டூப்பா என்று வழியெல்லாம் நிர்மலாவிடம் போனில் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்கு வேன் வைத்து ஊரையே கூட்டிக்கொண்டு போனார். முதல் ஆளாகப் பச்சியப்பனை ஏற்றினார். "உங்க மாமியாரையும் கூப்புட்டுக்க, அவங்க படந்தானே" என்று அவனைக் கிண்டலும் செய்தார். நிர்மலா முகூர்த்தப் பட்டு கட்டியிருந்தாள். தியேட்டர் வாசலில் நான்கு செங்கழுகுகளுக்கும் கட்அவுட். மூன்றுக்கு முகம் இருந்தது. இரண்டாவதாக நின்றதற்கு முகமூடி. கழற்றுவதை உள்ளே காட்டுவார்கள் என்று மாதவராஜ் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

படத்தில் செங்கழுகுகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். யாரோ கூட இருப்பவன்தான் காட்டிக்கொடுக்கிறான். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒகேனக்கல் பாறை வந்தது. இரண்டாவது செங்கழுகு கேமராவைப் பார்த்துத் திரும்பினான். முகமூடியில் கை வைத்தான். நிர்மலா மாதவராஜின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முகமூடி கழன்றது. திரை முழுக்க மாதவராஜின் முகம்.

"அண்ணேய்!" என்று இண்டூர்ப் பையன்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். யாரோ கிழித்த காகிதத்தை வாரி இறைத்தார்கள். பச்சியப்பன் வாயைப் பிளந்துகொண்டு திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தச் சில நொடிகளில் மாதவராஜுக்கு எல்லாமே கிடைத்துவிட்டது. இறங்கிய தோள்பட்டைக்கும் மறைவில் தின்ற சோற்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது. அவர் வாய்விட்டே அழுதார்.

திரையில் அவர் சிரித்தார். அமலனின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பின்னணியில் பாம்பு ஊர்கிற மாதிரி ஒரு இசை வந்தது. அடுத்த ஷாட்டில், முதுகு மட்டும் தெரிகிற ஓர் ஆள் அமலனை அருவிக்குள் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டு மறுபடியும் மாதவராஜின் அதே சிரிப்பு. பெத்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

முன் வரிசையிலிருந்து ஒருவன், "துரோகி நாயே!" என்று கத்தினான். அத்தனை வருஷமாக எல்லோரையும் காட்டிக்கொடுத்தது இரண்டாவது செங்கழுகுதான் என்று கதை விரிந்தது. அவன் வந்த நான்கு படங்களில் காப்பாற்றியதெல்லாம் நாடகமாம். கடைசியில் ரித்விக் வந்து அவனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பாறையில் அடித்துக் கொன்றபோது தியேட்டரே எழுந்து கைதட்டியது. பழக்க தோஷத்தில் இண்டூர்க்காரர்கள் சிலரும் தட்டிவிட்டுச் சட்டென்று கையை மடித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் பச்சியப்பன் அருகில் வந்தான். கிண்டல் செய்வான் என்று மாதவராஜ் எதிர்பார்த்தார். செய்திருந்தால்கூடத் தேவலை.

"நீதான் மாதவா அது. இத்தனை நாளா நம்பாம இருந்தேன், மன்னிச்சுக்க" என்றான்.

வேனில் ஒரு குழந்தை அவரைப் பார்த்துவிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் நிர்மலா கேட்டாள்.

"ஏங்க, இப்பிடின்னு தெரிஞ்சா நடிச்சீங்க?"

"சத்தியமா தெரியாது நிர்மலா."

"அமலனுக்குமா தெரியாது?"

"அவனையும் ஏமாத்தியிருப்பாங்க. அவனுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டானா?"

சொல்லிவிட்டாரே தவிர, அமலன் போனை எடுக்கவில்லை. மத்தியானம் அடித்தார், சாயங்காலம் அடித்தார், மறுநாளும் அடித்தார். கூட்டம், பேட்டி, என்னென்னவோ இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இதற்குள் செல்போனில் அந்த நெட்டி முறிப்பு ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவர் கன்னத்தை ஒருவர் வழித்து, விரலைச் சொடக்கி, கூட இருப்பவனைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். தர்மபுரி பஸ்ஸில் முகம் தெரியாத ஒருவன் அவரைப் பார்த்து அதைச் செய்தே காட்டினான். இருபது முப்பது வருஷம் ஏங்கிய மனிதருக்கு இப்போது எங்கே போனாலும் முகம் தெரிந்தது.

யுவராணி போன் செய்தது அதற்கப்புறம். பாவம் அந்தப் பெண், வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள்.

"சார், சேலத்துல, மதுரையில எல்லாம் உங்க சீனுக்குத்தான் தியேட்டர் அதிருதாம். டைரக்டர் உங்களைப் பத்தியேதான் பேசறாரு."

"ஏம்மா, கதை இப்பிடின்னு முன்னாலயே யாருக்கெல்லாம் தெரியும்?"

"என்ன சார் கேக்கறீங்க? உங்களுக்கு அமலன் சார்தானே கதை சொன்னாரு. நீங்க சந்தோஷமா ஒத்துக்கிட்டீங்கன்னு அவர் சொன்ன பிறகுதான ஷூட்டிங்கே வச்சோம்."

மாதவராஜ் போனை ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து யுவராணியே தொடர்ந்தாள்.

"முதல்ல அந்த ரோல் அமலன் சாருக்குத்தான் எழுதியிருந்தோம் சார். அவர்தான், என்னைவிட அண்ணன் பண்ணட்டும், அவர் மூஞ்சி யாருக்கும் தெரியாது, ட்விஸ்ட் நல்லா உக்காரும்னு சொன்னாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு, இல்லீங்களா சார்?"

"சரியாத்தாம்மா சொல்லியிருக்கான்" என்று சொல்லி மாதவராஜ் போனை வைத்தார்.

அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. இயக்குநர் ஏமாற்றியிருந்தால் தாங்கியிருப்பார். சினிமாக்காரன் சினிமாக்காரன் மாதிரிதான் இருப்பான். அமலன், ஒரே பாயில் படுத்தவன், தன்னுடைய ஏக்கத்தை அணு அணுவாகத் தெரிந்தவன். அந்த ஏக்கத்தையே தூண்டிலில் குத்தி நீட்டியிருக்கிறான். மூஞ்சி யாருக்கும் தெரியாது என்று அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். நிர்மலாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் திட்டவில்லை, அழவுமில்லை. "போய் நேருக்கு நேரா கேட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானமே தர்மபுரிக்குப் போனார். அமலன் வீட்டில்தான் இருந்தான். கதவைத் திறந்த தெரசாவின் முகம் அவரைக் கண்டதும் சுருங்கியது. அமலனின் மனைவி, எப்போதும் "வாங்க மாமா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், இன்று காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குள் நழுவிவிட்டாள். அமலன் எழுந்து நின்றான், உட்காரச் சொல்லத் தோன்றாமல்.

"முதல்ல உனக்கு எழுதின வேஷமாமே?" என்றார் மாதவராஜ்.

அமலன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் அவனை நம்பியிருப்பாரோ என்னவோ.

"அண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அந்தக் கதையைச் சொன்ன அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. பாப்பா ஸ்கூல்ல என்னைத்தான் ஆண்டு விழாவுக்குக் கூப்புடறாங்க. செங்கழுகு பொண்ணுன்னுதான் அவளைச் சொல்றாங்க. நாளைக்கு துரோகி பொண்ணுன்னு சொன்னா அவ தாங்குவாளா? ஜிம்முக்கு எவன் வருவான்?"

"முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"சொன்னா படமே நின்னுடும்ணே. ஏழு வருஷமா எனக்கு ஒரு படமும் இல்ல."

"சரி, என்னைக் கோத்துவிட்டே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? உனக்காக நடிங்கண்ணேன்னு கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

அமலன் தலையைக் குனிந்துகொண்டான். உண்மைதான், கேட்டிருந்தால் அவர் நடித்திருப்பார். அது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"சொன்னா அந்தச் சிரிப்பு வராதுன்னு தோணுச்சுண்ணே" என்றான் மெதுவாக.

அன்றைக்கு அவன் கண் கலங்கியதும் காலைத் தொட்டதும் எதற்கென்று மாதவராஜுக்கு இப்போது புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"உங்களுக்குக் கெடுதல் பண்ணணும்னு இல்லண்ணே" என்று அமலன் இன்னும் பேசிக்கொண்டே போனான். "ரெண்டு பேர்ல ஒருத்தர் பண்ணித்தான் ஆகணும்னு ஆயிடுச்சு. எனக்காச்சும் ஒரு பொண்ணு இருக்கா. உங்களுக்குன்னா புள்ளைங்க இல்ல. ஸ்கூல்ல போயி அவமானப்பட, அழ, யாரும் இல்ல. அதான் உங்களை..."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எனக்கு ஒண்ணு இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்டா" என்றார் மாதவராஜ்.

அப்போதுதான் வாசலில் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. ஆக்சிலியா முதுகுப் பையோடு உள்ளே வந்தாள். அவரைக் கண்டதும் ஓடி வரக் கால் எடுத்தவள், பாதியில் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அமலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பெரியப்பா, ஸ்கூல்ல எல்லாரும் கேக்கறாங்க" என்றாள் அவள். குரலில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது, பிள்ளைதானே. "அந்த வில்லன் ஒங்க வூட்டுக்கு வருவாரே, ஒங்க பெரியப்பாதானேன்னு."

"நீ என்னா சொன்னே சாமி?"

"சொந்தம் இல்லைன்னு சொல்லிட்டேன். அவங்க வேற, நாங்க வேறன்னு. அப்பாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாரு."

மாதவராஜ் அமலனைப் பார்த்தார். ஜன்னல் பக்கமிருந்து அவன் திரும்பவில்லை. கேட்க வேண்டியவை என்று பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. ரத்தம் வேறு, சாதி வேறு, கும்பிடுகிற சாமி வேறு. இத்தனை நாளும் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

"சரியாத்தான் சொல்லியிருக்கே கண்ணு. யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லு" என்றார்.

தெரசா கொண்டுவந்த காப்பியை அவர் வாங்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று தெருமுனை வரைக்கும் மெதுவாகவே நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது நிர்மலா போனில் வந்தாள்.

"என்னா சொன்னான்?"

"சொன்னான். வந்து சொல்றேன்."

"அவன் கெடக்கறான் வுடுங்க. எப்பிடியோ போறான்" என்றாள் நிர்மலா. அடுத்து அவள் எதைக் கேட்கப் போகிறாள் என்று மாதவராஜுக்குத் தெரிந்துவிட்டது. "பாப்பாவைப் பார்த்தீங்களா? பெரியவங்க சண்டை அதுக்கெதுக்கு, அதுகிட்ட ஒண்ணும் காட்டிக்கலையே நீங்க? லீவுக்கு வர்றாளாமா?"

இண்டூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அவரைப் பார்த்து, ஏறுகிறீர்களா என்று தலையால் கேட்டான்.

"பார்த்தேன். ஓடி வந்து கட்டிக்கிட்டா" என்றார் மாதவராஜ். "பரிட்சை முடிஞ்ச அன்னிக்கே வந்துடறேன்னு சொன்னா."

"அதான பார்த்தேன். எங்கண்ணு மாறுமா?" நிர்மலாவின் குரலுக்கு உயிர் வந்துவிட்டது. "அப்ப ஒண்ணு பண்ணுங்க. போன தடவை பூரா கொசுக்கடியில அவ தூங்கவே இல்ல. கட்டிலுக்கு ஒரு கொசுவலை வாங்கிட்டு வந்துடுங்க. ரோஸ் கலர்ல கேளுங்க."

"சரி" என்றார். கண்டக்டரிடம் இல்லையென்று கையைக் காட்டிவிட்டு, கொசுவலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தார்.